‘வருகிறார்’ என்று ஓர் அட்டை

இது கதை இல்லை. கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் தயவுசெய்து இப்போதே வேறு பக்கம் புரட்டிவிடுங்கள். எனக்குக் கதை கட்டத் தெரியாது. தெரிந்திருந்தால் இதைவிட நல்ல முடிவாகப் பார்த்துக் கட்டியிருப்பேன்.

இது என் அண்ணிக்கு நடந்தது. என் அண்ணன் மனைவி. ஒரு கிளை நூலகத்தில் உதவி நூலகராக இருக்கிறார். கண்டதையும் கண்டு பயப்படுகிற ஆள் இல்லை. ஒருமுறை புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தேன் என்பதற்காக, கொழுந்தன் என்றுகூடப் பார்க்காமல், எல்லார் முன்னாலும் அபராதம் போட்டு ரசீதும் கிழித்துக் கொடுத்தவர். இன்றுவரை அவர் வாயிலிருந்து ‘பேய்’ என்ற சொல் வந்ததில்லை. ‘அந்த வாசகர்’ என்றுதான் சொல்வார்.

அண்ணியின் மகள் பெயர் சிட்டு. அப்போது ஏழு வயது. இந்த விவகாரத்தில் பறிபோக இருந்தவள் அவள்தான். இப்போது நன்றாக இருக்கிறாளா என்று கேட்காதீர்கள். கடைசியில் சொல்கிறேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. வாசகர்கள் இப்போது சமூக வலைத்தளங்களில் குடியிருக்கிறார்களாம். அதனால் நூலகமும் அங்கே போய் அவர்களைப் பிடித்துவர வேண்டுமாம். ஒவ்வொரு கிளையும் தனக்கென்று ஒரு பக்கம் தொடங்க வேண்டும். ஆளில்லாத கிளைகள் மூடப்படும். நூலகர் சார் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காகிதத்தை அண்ணியின் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எந்த வேலை வந்தாலும் அவர் செய்கிற வேலை அது ஒன்றுதான்.

மூடினால் அண்ணியின் சம்பளம் போகும் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய கவலை சிட்டு. அண்ணனுக்கு ஷிஃப்ட் வேலை. நான் வீடு திரும்ப இருட்டிவிடும். பள்ளி விட்டதும் அந்தப் பிள்ளை நேராக நூலகத்துக்கு வந்து, அண்ணி வேலை முடித்துக் கிளம்பும்வரை வாசிப்பு அறையில்தான் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு அதுதான் பாதி வீடு.

அண்ணி பக்கம் தொடங்கினார். புதுப் புத்தகங்களின் அட்டைப்படம் போட்டார். வாசிப்பின் பயன்கள் என்று எழுதினார். மூன்று லைக் விழுந்தது. ஒன்று என்னுடையது, ஒன்று அண்ணனுடையது. மூன்றாவது யாரென்று பார்த்தால், அண்ணியே பக்கத்தின் பெயரில் தனக்குத்தானே போட்டுக்கொண்டது.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. அந்த நூலகத்தின் உண்மையான வியாதி ஆளில்லாமை இல்லை, பைகள். தேர்வுக்குப் படிக்கும் பையன்கள் காலையில் கதவு திறந்ததும் ஓடிவந்து, ஆளுக்கொரு நாற்காலியில் பையை எறிந்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். மதியம் வரை பைகள் படித்துக்கொண்டிருக்கும். பின்னால் வருகிறவர்கள் இடமில்லை என்று திரும்பிவிடுவார்கள். இதனால் தினமும் சண்டை. புத்தகம் அடுக்கும் உதவியாளர் ஒருவர் இருக்கிறார். எந்நேரமும் ‘உஷ்... உஷ்...’ என்று அதட்டுவதால் பையன்கள் அவருக்கு ‘உஷ்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர் பைகளைத் தூக்கி வராந்தாவில் வீசுவார். பையன்கள் அவரை வீசிவிடுவதுபோல முறைப்பார்கள்.

அண்ணி நாற்காலிகளுக்கு எண் ஒட்டினார். மொத்தம் இருபத்துநான்கு. வர விரும்புகிறவர்கள் பக்கத்தில் எண்ணைக் கமெண்டாகப் போட வேண்டும். அந்த இடத்து மேசையில் ‘வருகிறார்’ என்று எழுதிய அட்டையை அண்ணி வைத்துவிடுவார். அரை மணி நேரத்தில் ஆள் வராவிட்டால் அட்டையை எடுத்துவிடுவது என்று மனத்துக்குள் முடிவு செய்திருந்தார். ஆனால் பக்கத்தில் எழுதும்போது அந்த ஒரு வரி விட்டுப்போயிற்று. அவர் எழுதியது இது: ‘நீங்கள் வரும்வரை உங்கள் இடம் உங்களுக்கே.’

திட்டம் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஒரே வாரத்தில் அறை நிறைந்தது. நூலகர் சார் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் அந்தக் கணக்கு வந்தது.

படம் இல்லை. பெயர் ‘வழக்கமான வாசகர்’. எழுதியது ஒரே ஒரு எண்: 17. சுவரோரம், தூணுக்குப் பின்னால் இருக்கும் இடம். அண்ணி அட்டை வைத்தார். யாரும் வரவில்லை. அரை மணி கழித்து அட்டையை எடுத்தார்.

அதைக் கீழே வைக்கக்கூட இல்லை... ஃபோன் அதிர்ந்தது.

‘அட்டையை ஏன் எடுத்தீர்கள்?’

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். எல்லாரும் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். யார் கையிலும் ஃபோன் இல்லை.

‘மன்னிக்கவும். நீங்கள் வரவில்லையே?’ என்று பதில் போட்டார்.

‘வந்திருக்கிறேன்.’

அண்ணிக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. நேராகப் போய் உஷ்ஷைப் பிடித்தார்.

“அண்ணே, வேலை நேரத்துல இந்த விளையாட்டெல்லாம் எங்கிட்ட வேணாம்.”

“என்னம்மா விளையாட்டு?”

“ஃபோன்ல மெசேஜ் போடறது நீங்கதானே?”

உஷ் சட்டைப் பையிலிருந்து தன் ஃபோனை எடுத்து மேசையில் வைத்தார். பேச மட்டும் தெரிந்த பழைய ஃபோன். பொத்தான்களில் பாதிக்கு எண்ணே அழிந்திருந்தது.

“இதுல போட முடியும்னா போட்டுக் காட்டு. ஒன்னோட அந்தப் பக்கமே எனக்குப் பிடிக்கல. யாரு எவருன்னு தெரியாம எல்லாரையும் வா வான்னு கூப்பிடுற. பின்னால அனுபவிப்ப.”

அண்ணி திரும்பிக் கவுன்ட்டருக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

அடுத்த ஒரு வாரமும் தினமும் 17. ஒரு நாளும் ஆள் இல்லை. கடைசியில் ஒருநாள் அண்ணி வேண்டுமென்றே அட்டையை எடுத்துவிட்டு, இடத்துக்காகக் காத்திருந்த ஒரு தாடிக்காரப் பையனை அங்கே உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பையன் கவுன்ட்டருக்கு வந்தான். முகம் சரியில்லை.

“அக்கா, பின்னாலேர்ந்து யாரோ நாற்காலிய உதைச்சிக்கிட்டே இருக்காங்க.”

“பின்னால சுவருதானேப்பா இருக்கு?”

“அதான் அக்கா... எனக்கும் புரியல.”

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அதன் பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை. மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தான் என்று அவன் கூட்டாளிகள் சொன்னார்கள்.

அவன் வாசலைத் தாண்டும்போது ஃபோன் அதிர்ந்தது.

‘என் மடியில் ஆளை உட்கார வைக்கிறீர்கள்.’

அண்ணி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஃபோனை எடுத்துக்கொண்டு நூலகர் சாரிடம் போய், இந்தக் கணக்கை பிளாக் செய்கிறேன் என்றார்.

“ஏம்மா, தினமும் தவறாம கமெண்ட் போடற ஒரே ஆள் அவர்தான். அவரையும் விரட்டிட்டா மேலிடத்துக்கு நான் எதைக் காட்டுறது?”

“சார், அவர் வரவே இல்ல சார். இடம் மட்டும் வேணுமாம்.”

“வராத ஆளால என்ன தொந்தரவு? அட்டைய வெச்சிட்டுப் போங்க.”

அட்டை வைக்கப்பட்டது. காலை முதல் மாலை வரை எடுக்கப்படவில்லை. மெசேஜ் நின்றது. பையன்கள் அதற்கு ‘மந்திரி சீட்’ என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் அதில் உட்காரவில்லை. தூசி தட்டப் போகும்போது மட்டும் அண்ணி ஒன்றைக் கவனித்தார். மற்ற மேசைகளில் தூசி படிந்திருக்கும். 17-இல் இரண்டு முழங்கை ஊன்றுகிற இடம் மட்டும் சுத்தமாக இருக்கும்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சிட்டுவை அங்கே அனுப்ப விட்டிருக்க மாட்டேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அண்ணி மேல் இருக்கிறது.

அப்புறம் ஒரு மழை நாள். மாலை நான்கரை. அறையில் கூட்டம் நெரிந்தது. மழைக்கு ஒதுங்கியவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். கவுன்ட்டரில் வரிசை. சிட்டு தொப்பலாக நனைந்து வந்தாள்.

“அம்மா, எங்க உக்கார்றது?”

“எங்கயாவது உக்காருடி. பாத்துக்கிட்டுதானே இருக்க? அம்மாக்கு வேலை இருக்கு.”

தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னது. சொன்ன கையோடு மின்சாரம் போனது.

இருட்டில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். உஷ் அதட்டினார். மழை கூரையில் அடித்தது. மின்சாரம் வந்தபோது சுவர்க் கடிகாரத்தில் நான்கு ஐம்பது.

அண்ணி சிட்டுவைத் தேடினார்.

17-இல் இருந்தாள்.

அட்டை மேசை ஓரத்தில் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. புத்தகம் விரித்திருந்தது. ஆனால் பிள்ளை நாற்காலியில் நேராக உட்காரவில்லை. இடது ஓரமாக, பாதி நாற்காலியில் மட்டும் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் தரையில் ஊன்றியிருந்தது. மீதிப் பாதி காலியாக இருந்தது.

அண்ணி ஓடினார்.

“ஏன்டி இப்படி நுனியில உக்காந்திருக்க?”

“நகந்து உக்காரச் சொன்னாங்கம்மா.”

“யாரு?”

சிட்டு தலையைத் திருப்பி, தன் வலப்பக்கத்தில்... தன் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே... பார்த்தாள். ஒருவர் முகத்தைப் பார்ப்பது போல.

ஃபோன் அதிர்ந்தது.

‘இருக்கட்டும். இவள் சத்தம் போடுவதில்லை.’

அண்ணி பிள்ளையை அப்படியே வாரித் தூக்கினார். கவுன்ட்டரில் நின்ற வரிசை கத்தியது. நூலகர் சார் என்னவோ கேட்டார். எதுவும் காதில் விழவில்லை. மழையிலேயே நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வழியிலேயே அந்தக் கணக்கை பிளாக் செய்தார். மறுநாள் முதல் வேலையாக 17-ஆம் நாற்காலியைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பின்னறையில் போட்டுப் பூட்டினார். முன்பதிவு நிறுத்தப்பட்டது என்று பக்கத்தில் எழுதினார். சிட்டுவைப் பக்கத்து வீட்டில் விட ஏற்பாடு செய்தார்.

முடிந்தது என்று நினைத்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் நான்தான் முதலில் பார்த்தேன். சிட்டு பாதி நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அண்ணன் அதட்டினார். பிள்ளை அழுதாளே தவிர நகரவில்லை. படுக்கையிலும் அதேதான். சுவரை ஒட்டி, ஓரத்தில், பலகை மாதிரி விறைத்துப் படுத்திருந்தாள்.

“நடுவுல படுடி, கண்ணு.”

“இடம் இல்லம்மா.”

நான்கு நாள் அப்படியே. பேச்சு குறைந்தது. பள்ளியிலிருந்து ஆசிரியை கூப்பிட்டு, பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லை, வீட்டில் ஏதாவது சண்டையா என்று கேட்டார். பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டையே இரண்டாக்குகிற பிள்ளை அவள். இப்போது தும்மினால்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் அண்ணி எல்லாவற்றையும் எங்களிடம் கொட்டினார். அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் நூலகத்துக்கு வார விடுமுறை. அண்ணி சாவியை எடுத்துக்கொண்டார்.

“தம்பி, கூட வர்றீங்களா?”

“என்ன செய்யப் போறீங்க அண்ணி?”

“நான் குடுத்த இடம். நானே திருப்பி வாங்குறேன்.”

இனி நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

நல்ல வெயில். மணி பன்னிரண்டு பத்து. அறை காலி. அண்ணி பின்னறையைத் திறந்து அந்த நாற்காலியைத் தூக்கி வந்தார். பழைய இடத்திலேயே போட்டார். அதில் உட்கார்ந்தார். நடுவில், முழுதாக. ஃபோனை மேசையில் வைத்து, அந்தக் கணக்கை மறுபடியும் திறந்துவிட்டார்.

நான் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. வெளியே ஒரு வண்டி போயிற்று.

பிறகு... சரக்.

பக்கம் புரளும் சத்தம். மேசையில் புத்தகமே இல்லை.

சரக்.

ஃபோன் அதிர்ந்தது. அண்ணி சத்தமாகப் படித்தார். ‘இது என் இடம்.’

“இல்ல,” என்றார் அண்ணி.

‘எழுந்திருங்கள்.’

“மாட்டேன்.”

க்ரீச்...

நாற்காலி பின்னால் நகர்ந்தது. அண்ணியோடு சேர்ந்து. அவர் கால் இரண்டும் தரையில் அழுந்தி ஊன்றியிருந்தன. அவர் தள்ளவில்லை. நான் பார்த்தேன்.

அண்ணி மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தார்.

‘எழுந்திரு.’

க்ரீச்...

அவர் உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. யாரோ இடித்துத் தள்ளுவது போல. விரல் நுனிகள் வெளுத்தன. நான் ஓட நினைத்தேன். கால் எழவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழவில்லை.

‘எழுந்திரு’

‘எழுந்திரு’

‘எழுந்திரு’

அண்ணி திரையைப் பார்ப்பதை நிறுத்தினார். முகத்தை வலப்பக்கம் திருப்பினார்.

கொஞ்சம் மேலே.

“இது நூலகம்,” என்றார். குரல் நடுங்கவில்லை. எனக்கு அபராதம் போட்ட அதே குரல். “உன் முன்பதிவு ரத்து. எம் பிள்ளையத் தொடாத. சத்தம் போடாம வெளிய போ.”

சரக் சத்தம் நின்றது.

எல்லாம் நின்றது.

அண்ணியின் உடம்பு மெல்ல நேரானது. ஃபோனை எடுத்துப் பார்த்தார். ‘இந்தக் கணக்கு இப்போது இல்லை’ என்று இருந்தது. பழைய மெசேஜ்கள் ஒன்றுகூட மிச்சமில்லை. நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அவருடைய வலது தோளிலிருந்து முழங்கை வரை சட்டை கசங்கியிருந்தது. ஒரு ஆள் நெருக்கி உட்கார்ந்தால் கசங்குமே, அப்படி.

அன்று இரவு சிட்டு படுக்கையின் நடுவில், கையையும் காலையும் பரத்திப் போட்டுத் தூங்கினாள். அண்ணனுக்கு முகத்தில் உதை விழுந்தது. அண்ணன் அதை வாங்கிக்கொண்டு சந்தோஷத்தில் அழுதார். மறுநாள் காலையில் அவள் பாட்டுப் பாடி எங்கள் உயிரை வாங்கினாள். இதோடு நான் நிறுத்தியிருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும்.

ஏழு மாதம் போயிற்று. தலைமை அலுவலகத்தில் ஒரு பயிற்சி முகாம். அண்ணி போயிருந்தார். அவர் கைவிட்ட அந்த முன்பதிவுத் திட்டத்தை மேலிடம் நோட்டமிட்டு, பாராட்டி, எல்லாக் கிளைகளுக்கும் கட்டாயமாக்கிவிட்டிருந்தது. பாராட்டு நூலகர் சாருக்குத்தான் போனது. அது கிடக்கட்டும்.

மதிய இடைவேளையில் ஒரு பெண் வந்து அண்ணியிடம் பேச்சுக் கொடுத்தார். ஒரு நாள் முழுக்க ரயிலில் போக வேண்டிய தொலைவில் இருக்கும் கிளை.

“உங்க யோசனை நல்லாத்தான் இருக்கு. கட்டாயமாக்குறதுக்கு முன்னாடியே உங்க பக்கத்தப் பாத்து நாங்க ஆரம்பிச்சிட்டோம். ஆனா எங்களுக்கு ஒரு ஆளு தலைவலியா இருக்காரு. முகம் காட்டுறதில்ல, படம் இல்ல. தினமும் ரெண்டு இடம் போட்டு வைக்கிறாரு. பக்கத்துப் பக்கத்துல.”

அண்ணி சாப்பாட்டுப் பாத்திரத்தை ஓரமாக நகர்த்தினார்.

“எப்பலேர்ந்து?”

அந்தப் பெண் தன் ஃபோனில் தேடிக் காட்டினார். முதல் கமெண்ட் போடப்பட்ட நாளைப் பார்த்தார் அண்ணி. அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து போராடிய அதே நாள். நேரம், பன்னிரண்டு முப்பத்தைந்து.

“ரெண்டு இடம் எதுக்குன்னு கேக்கலையா?”

“கேட்டோம். ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு சிட்டுவுக்குன்னு பதில் போட்டாரு. யாரோ சின்னப் பிள்ளை போலருக்கு. எப்ப வருவாங்கன்னு கேட்டதுக்கு, அவசரமில்ல, இடந்தான் இருக்குல்லன்னாரு.”

சிட்டு என்பது நாங்கள் வீட்டில் கூப்பிடுகிற பெயர். பள்ளியில், நூலக உறுப்பினர் அட்டையில், எந்தப் பக்கத்திலும் அந்தப் பெயர் கிடையாது. அண்ணிகூட நூலகத்தில் அவளை ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார்.

அண்ணி அங்கிருந்தே எனக்கு ஃபோன் செய்தார். அன்று எனக்கு விடுமுறை. குரல் அடையாளமே தெரியவில்லை.

“தம்பி, சிட்டு எங்க?”

“எதிர்லதான் இருக்கா அண்ணி. வரைஞ்சிக்கிட்டு இருக்கா. ஏன்?”

“எப்படி உக்காந்திருக்கா?”

நான் திரும்பிப் பார்த்தேன். நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி நிறைய, சம்மணம் போட்டு, நடுவில். நிம்மதியாக மூச்சு விட்டேன். சொல்லவும் வாயெடுத்தேன்.

அப்போது சிட்டு பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“சித்தப்பா, ரயில்ல போனா எவ்ளோ நேரம் ஆகும்?”